அபராதக் கணக்கு கன்ட்ரோலருக்கு எதற்கு?

கேள்வி: ஒரு தனியார் நூலகத்துக்காக லாராவெல்லில் (பிஎச்பி மொழியில் வலைத்தளம் கட்டும் சட்டகம்) மென்பொருள் எழுதி வருகிறேன். புத்தகம் திரும்பப் பெறும் பக்கம், உறுப்பினர் பக்கம், மாத அறிக்கை ஆகிய மூன்றிலும் தாமத அபராதத்தைக் கணக்கிட வேண்டும். ஒரு கன்ட்ரோலரில் (பக்கத்துக்கு வரும் கோரிக்கையைக் கவனிக்கும் நிரல் வகுப்பு) எழுதியதை மற்ற இரண்டிலும் நகலெடுத்து ஒட்டியிருக்கிறேன். எல்லாவற்றையும், மற்ற கன்ட்ரோலர்களுக்கு அடிப்படையான தாய் கன்ட்ரோலரில் போட்டுவிடச் சொல்கிறார் உடன் வேலை செய்பவர். ஒரு கன்ட்ரோலரிலிருந்து இன்னொன்றை அழைத்தால் போதாதா என்பது என் எண்ணம். எது சரி?
– ஒரு வாசகி

பதில்: இரண்டும் வேண்டாம், அம்மா. உங்கள் எண்ணத்தில்தான் ஆபத்து அதிகம் என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கன்ட்ரோலரின் மெத்தட் (அதிலுள்ள செயல்பாடு) வழக்கமாகத் திருப்பித் தருவது ஒரு முழுப் பக்கத்தை, அல்லது வேறு பக்கத்துக்குப் போகச் சொல்லும் உத்தரவை. அபராதத் தொகையை அதிலிருந்து எப்படிப் பிடுங்குவீர்கள்? அதைவிட மோசமான சங்கதி ஒன்று உண்டு. ‘நூலகருக்கு மட்டும்’ என்று ரூட்டில் (பக்க முகவரியைக் கன்ட்ரோலரோடு இணைக்கும் வரி) நீங்கள் போட்டுவைத்த மிடில்வேர் என்ற இடைச் சோதனை, ரூட் வழியாக வருகிறவர்களைத்தான் தடுக்கும். மெத்தடை நேரடியாக அழைத்தால் அந்தச் சோதனை நடக்கவே நடக்காது. பிழைச்செய்தியும் வராது.

தாய் கன்ட்ரோலர் வீட்டுப் பரண் மாதிரி. இன்று அபராதத்தை ஏற்றுவீர்கள். நாளை எஸ்எம்எஸ், பிறகு பிடிஎஃப். கடைசியில் உள்நுழைவுப் பக்கத்தின் கன்ட்ரோலர்கூட அபராதம் கணக்கிடத் தெரிந்ததாகிவிடும். 2024இல் வந்த லாராவெல் 11 முதல் புதிய திட்டங்களில் அந்த அடிப்படை வகுப்பு காலியாகவே வருகிறது. காலியாகவே இருக்கட்டும்.

தாமதக்காரர்களுக்கு இரவில் நினைவூட்டல் அனுப்பச் சொல்லி நூலகத்தார் என்றாவது கேட்பார்கள். அதற்கு ஆர்டிசன் கட்டளை (லாராவெல்லில் முனையத்திலிருந்து ஓடும் கட்டளை) ஒன்று எழுதுவீர்கள். அங்கே பக்கம் கிடையாது, உலாவி கிடையாது, கன்ட்ரோலருக்கும் வேலை கிடையாது. அபராதம் மட்டும் உண்டு. ஆகவே அந்தக் கணக்கு எந்தப் பக்கத்துக்கும் சொந்தமில்லை; அதற்குத் தனி வகுப்பு எழுதுங்கள். கெடு தேதியையும் திரும்பி வந்த தேதியையும் வாங்கிக்கொண்டு ரூபாயைத் தரட்டும். ரெக்வெஸ்ட் (உலாவியிலிருந்து வரும் கோரிக்கை), செஷன் (பயனரின் வருகையைப் பற்றிச் சேமித்த விவரம்) எதையும் அது தொடக் கூடாது. கன்ட்ரோலரின் கன்ஸ்ட்ரக்டரில் (கன்ட்ரோலர் உருவாகும்போது ஓடும் செயல்பாடு) அந்த வகுப்பை டைப்போடு குறிப்பிட்டால் போதும், வகுப்புகளை உருவாக்கித் தரும் லாராவெல்லின் கன்டெய்னர் அதை உருவாக்கிக் கொடுத்துவிடும்.

மூன்று நகல்கள் எங்கே கடிக்கும் தெரியுமா? தேதிகளைக் கையாளும் கார்பன் என்ற நிரல் தொகுப்பில். இரண்டு தேதிகளுக்கு இடையிலான நாட்களைக் கேட்டால் கார்பன் 2 குறியில்லாத முழு எண்ணைத் தந்தது. கார்பன் 3 தசமத்தில், கூட்டல் கழித்தல் குறியோடு தருகிறது. லாராவெல் 12க்கு மாறினால் கார்பன் 3 கட்டாயம். கெடு நேரம் நள்ளிரவு 12 என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாள் தாண்டி மாலை 6 மணிக்கு வரும் புத்தகத்துக்கு இப்போது 3.75 நாள். நாளுக்கு 2 ரூபாய் என்றால், 6 ரூபாய் வாங்கிய இடத்தில் ரூ.7.50 கேட்கும். எந்த நகலிலாவது தேதிகளை முன்பின் மாற்றி எழுதியிருந்தால், நூலகமே உறுப்பினருக்குக் கடன்பட்டதாக அறிக்கை வரும்! தனி வகுப்பாக இருந்தால் ஒரே வரியில் திருத்தம் முடிந்துவிடும்.

கேள்வி: எல்லாப் பக்கங்களின் மேல்பட்டையிலும் ‘தாமதப் புத்தகங்கள் எத்தனை’ என்று காட்ட வேண்டும். ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் அந்த எண்ணை அனுப்பத்தான் வேண்டுமா?
– அதே வாசகி

பதில்: வேண்டியதில்லை. வியூ என்பது பக்கத்தின் வார்ப்புரு; அதற்குத் தகவல் சேர்த்துக் கொடுக்கவென்றே வியூ கம்போஸர் இருக்கிறது. ‘இந்த வியூ திரைக்கு வரும்போதெல்லாம் இந்த எண்ணையும் சேர்த்துக் கொடு’ என்று சர்வீஸ் புரவைடரில் (மென்பொருள் தொடங்கும்போது ஓடும் வகுப்பு) ஒரு முறை எழுதிவிட்டால், கன்ட்ரோலர்கள் அதை மறந்துவிடலாம். பலர் சோம்பலில் வியூவின் பெயருக்குப் பதில் நட்சத்திரக் குறியைப் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் ஒரு பக்கத்துக்குள் சேரும் ஒவ்வொரு சிறு வியூவுக்கும் கம்போஸர் மறுபடி ஓடும். பட்டியலில் 40 வரிகள் தனித்தனி வியூவாக இருந்தால் தரவுத்தளத்திடம் அதே கேள்வியை 40 தடவைக்கு மேல் கேட்கும். மேல்பட்டையின் வியூ பெயரை மட்டும் கொடுங்கள். அந்த எண்ணை ஐந்து நிமிடம் கேஷில் (தற்காலிகச் சேமிப்பு) வைத்தாலும் நூலகத்தில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.