வீடியோ பார்த்தால் புரிகிறது, பரீட்சையில் ஏன் வரவில்லை?

வியாசர்பாடியிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "பையன் எட்டாவது. தினமும் ராத்திரி போனில் கணக்கு வீடியோ பார்க்கிறான், கேட்டால் எல்லாம் புரிஞ்சிடுச்சும்மா என்கிறான். பரீட்சையில் பாதிக் கணக்கைத் தொடுவதே இல்லை. போனைப் பிடுங்கி வைத்துவிடட்டுமா டீச்சர்? நான் இட்லிக் கடை வைத்திருக்கிறேன், அஞ்சாவதோடு நின்றவள், எனக்குச் சொல்லித்தரவும் தெரியாது."

போனைப் பிடுங்க வேண்டாம். பையன் பொய்யும் சொல்லவில்லை, பார்க்கும்போது அவனுக்கு நிஜமாகவே புரிகிறது. அடுத்தவர் வரிவரியாகப் போடும் கணக்கைப் பார்த்தால் யாருக்கும் புரியும். வெறும் தாளில் முதல் வரியைத் தானே எழுதுவது வேறு வேலை, அந்த வேலையை அவன் வீட்டில் செய்வதில்லை, நேராகப் பரீட்சை ஹாலில் போய்த்தான் செய்து பார்க்கிறான். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், தாளை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். என் வகுப்பிலும் அப்படித்தான், ஸ்மார்ட் போர்டில் போட்டுக் காட்டினால் எல்லாரும் தலையாட்டுவார்கள், நோட்டை எடுங்கள் என்றதும் பக்கத்து நோட்டை எட்டிப் பார்ப்பார்கள்.

அதனால் ஒரே ஒரு மாற்றம். வீடியோவில் கேள்வியைச் சொல்லி முடித்ததும், விடையைப் போட்டுக் காட்டும் முன்பே நிறுத்திவிட்டு அவன் நோட்டில் போட வேண்டும், தப்பாக வந்தாலும் சரி, போட்ட பிறகுதான் மீதியைப் பார்க்கணும். மறுநாள் போன் உங்கள் கையில் இருக்கட்டும், அதே மாதிரி இன்னொரு கணக்கைப் புத்தகத்திலிருந்து போடச் சொல்லுங்கள். விடை பின்பக்கத்தில் இருக்கிறது, நீங்களே ஒத்துப் பார்க்கலாம்.

சொல்லித்தரத் தெரியாது என்கிறீர்களே, ஒன்று சொல்கிறேன். 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டச் சொன்னால், எட்டாவது வந்த பிறகும் நிறையப் பிள்ளைகள் மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டி 2/5 என்று எழுதுவார்கள். அரை லிட்டர் மாவோடு இன்னும் கொஞ்சம் மாவு ஊற்றினால் அரை லிட்டரைவிடக் குறையுமா? 2/5 அரையைவிடச் சின்னது. இதைக் கண்டுபிடிக்க மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) தெரிய வேண்டியதில்லை, தினமும் மாவு அளக்கிற உங்களுக்கு அவனைவிட நன்றாகத் தெரியும். "இது எப்படிடா வந்துச்சு, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள், உங்களுக்கு விளக்கிச் சொல்லும்போதே எந்த இடத்தில் திக்குகிறான் என்று அவனுக்கே தெரிந்துவிடும். விடை 5/6 என்று அவன் தானாக வந்து சேர இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை, திட்டாதீர்கள்.

அப்புறம், யூடியூபில் தேடப்போனால் ஷார்ட்ஸில் அரை மணி நேரம் போய்விடும். 2018-லிருந்து வந்த நம் பாடநூல்களில் க்யூஆர் கோடு இருக்கிறது, தீக்ஷா ஆப்பில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கே போகும். பள்ளிக்கல்வித் துறை 2023-ல் கொண்டுவந்த மணற்கேணி ஆப்பும் இருக்கிறது. கணக்கைப் போட்டோ எடுத்தால் விடை காட்டும் ஆப்களை, அவன் எழுதி முடித்த பிறகு சரிபார்க்க மட்டும் விடுங்கள். அதற்கு முன் திறந்தால் பழையபடி வேடிக்கை பார்ப்பதுதான்.

இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தும் தாள் வெள்ளையாகவே இருந்தால், பெரும்பாலும் சிக்கல் எட்டாம் வகுப்புப் பாடத்தில் இருக்காது. பின்னம், குறை எண், வாய்ப்பாடு என்று கீழ் வகுப்பில் எங்கேயோ விட்டிருப்பான். அப்போது அவன் அடித்துத் திருத்திய அந்த நோட்டையே எடுத்துக்கொண்டு போய்க் கணக்கு ஆசிரியரைப் பாருங்கள். "பையன் எப்படிப் படிக்கிறான்" என்று கேட்டால் "பரவாயில்லைம்மா" என்று பதில் வரும். நோட்டை விரித்து வைத்து, "இவன் எந்த வரியில் நிற்கிறான் சார், எந்த வகுப்புப் பாடத்திலிருந்து திரும்ப ஆரம்பிக்கட்டும்" என்று கேளுங்கள்.