வாசகர் கேள்வி–பதில்: பளிங்கில் வெள்ளைப் புள்ளிகள்

கேள்வி: கருங்கல்லில் சாமி சிலை செய்து பழகியவன். முதல் முறையாக ராஜஸ்தானின் மக்ரானா வெள்ளைப் பளிங்கில், முகமோ உடையோ இல்லாமல், விதை முளைவிடுவதுபோல வளைந்த ஓர் உருவம் செய்கிறேன். பாலீஷ் போடப் போட வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. தண்ணீர் ஊற்றினால் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வருகின்றன. சில இடங்களில் மேற்பரப்பு அலை அலையாகவும் இருக்கிறது. கல் மோசமா?
– மயிலாடி வாசகர்

பதில்: கல் மீது குற்றமில்லை. அந்தப் புள்ளிகள் உளிக்காயங்கள். கருங்கல்லில் உளியை ஏறக்குறைய நேராக நிறுத்தி அடித்து நொறுக்குவோம். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 6, 7 என்ற அளவில் இருப்பதால் அது தாங்கும். பளிங்கின் கடினம் 3தான். அதே அடி விழுந்தால் அடியிலுள்ள, பளிங்கின் கனிமமான கால்சைட் படிகங்கள் நசுங்கி, உள்ளே நுண்விரிசல் விடும். அந்த விரிசல்களில் ஒளி சிதறுவதால்தான் வெளுப்பு. தண்ணீர் விரிசலை நிரப்பும்போது மறைகிறது, அவ்வளவுதான்.

புள்ளியை மட்டும் தோண்டாதீர்கள், குழி விழும். சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்கு மொத்தப் பரப்பையும் மெல்லச் சரித்து இறக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு, மூன்று மில்லிமீட்டரில் காயம் போய்விடும். மார்பிள் கம் என்னும் கல் ஒட்டும் பசை வைத்து அடைப்பதும் வேண்டாம், நாளடைவில் மஞ்சளடிக்கும்.

அடுத்த கல்லில் கூர்முனையுள்ள புள்ளி உளியை 45 டிகிரி சாய்த்துப் பிடியுங்கள். கடைசி ஒரு சென்டிமீட்டரை அது தொடவே கூடாது. அங்கிருந்து பல் உளி, பிறகு அரம், அதன்பின் வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீரோடு தேய்க்கும் உப்புத்தாள். துளை போடும் உருவமானால் இரு பக்கமிருந்தும் குடைந்து நடுவில் சந்திக்க வையுங்கள். ஒரே பக்கமாகத் துளைத்தால் மறுபக்க விளிம்பு பெயர்ந்துவிடும். துளையை முடித்த பிறகே வெளிச்சுவரை மெலிதாக்க வேண்டும்.

அலைக்குக் காரணம் கிரைண்டர். இருட்டில் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சாய்த்து அடித்தால் ஒவ்வொரு பள்ளமும் நிழல் காட்டும். கண்ணை மூடி உள்ளங்கையால் தடவினாலும் தெரியும். வளைவுக்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. பரப்பு முழுக்கப் பென்சிலால் கோடு போட்டு, 80 நம்பர் பேப்பரால் ஒரே திசையில் கோடு அழியும்வரை தேயுங்கள். 120ல் குறுக்குத் திசை, 220ல் மறுபடி மாற்றம், பிறகு 400, 600, 800. நம்பரைத் தாண்டிக் குதித்தால் பழைய கீறல் கடைசியில் பளபளப்போடு சேர்ந்து கண்ணில் படும். ஒவ்வொரு மாற்றத்திலும் கல்லையும் கையையும் வாளியையும் கழுவுங்கள். புடைப்புக்குக் கட்டையில் சுற்றிய பேப்பர், குழிவுக்கு ரப்பர் துண்டில் சுற்றியது. எல்லாமே ஈரத்தில்தான்: கருங்கல்லும் அறுக்கும் பட்டறையில் சிலிக்காத் தூசி நுரையீரலைத் தின்றுவிடும், என்95 முகக்கவசமும் அவசியம்.

வெளியில் வைக்கும் சிற்பத்தை 400லேயே நிறுத்திவிடுவது எங்கள் பரிந்துரை. மழைநீரின் லேசான அமிலம் கண்ணாடிப் பளபளப்பை எப்படியும் மங்கடித்துவிடும்.

கேள்வி: கண், மூக்கு இல்லாத கல்லை எப்படிச் சிற்பம் என்கிறீர்கள்?
– நகரி வாசகர்

பதில்: இதே கேள்வி நீதிமன்றம்வரை போயிருக்கிறது. ருமேனியாவில் பிறந்த சிற்பி பிரான்குஷியின் பறவைச் சிற்பங்களில் வெண்கலத்தாலான ஒன்றை 1926இல் அமெரிக்கச் சுங்கத்துறை கலை என்று ஏற்காமல், உலோகச் சாமானாகக் கருதி வரி போட்டது. 1928இல் தீர்ப்பு சிற்பத்துக்குச் சாதகமாக வந்தது. நமக்கோ லிங்கமும் சாளக்கிராமமும் பழகியவை. முகமில்லாத வழவழப்பில் ஓர் இருப்பை உணர நம் கண்ணுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி: நடுமுற்றத்தில் வைத்த பளிங்குச் சிற்பம் இரண்டு மழைக்காலத்தில் பச்சையாகிவிட்டது. பக்கத்தில் விளக்கு வைத்ததில் எண்ணெய்க் கறையும் இருக்கிறது. பாத்ரூம் ஆசிட் போடலாமா?
– சித்தூர், பாலக்காடு மாவட்ட வாசகி

பதில்: கூடவே கூடாது. ஆசிட் பளிங்கையே கரைத்துவிடும். புளி, எலுமிச்சைகூட மேற்பரப்பை அரிக்கும். கருங்கல் விக்கிரகத்துக்குப் போல எண்ணெய் தேய்ப்பதும் இதற்கு ஆகாது, உள்ளே இறங்கி மஞ்சளாகும்.

பாசிக்கு நைலான் பிரஷ், தண்ணீர், காரமில்லாத திரவ சோப்பு போதும். கம்பி பிரஷ் வேண்டாம். அதன் துகள் தங்கித் துருக்கறை ஆகும். எண்ணெய்க்கு வெள்ளைச் சுண்ணாம்புக்கட்டிப் பொடியை அசிட்டோனில் தயிர் பதத்துக்குக் குழைத்து, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் அப்பி, பிளாஸ்டிக் தாளால் 24 மணி நேரம் மூடுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அருகில் விளக்கே இருக்கக் கூடாது. பிறகு தாளை எடுத்துவிட்டு நன்றாக உலர விடுங்கள். உலரும்போதுதான் பொடி எண்ணெயை உறிஞ்சும். ஈரத்தோடு துடைத்தால் பலனில்லை. மரத் துண்டால் சுரண்டிக் கழுவுங்கள். பழைய கறைக்கு இரண்டு, மூன்று முறை தேவைப்படும்.

சிற்பம் நேராக மண்ணில் நிற்கிறதா என்றும் பாருங்கள். ஈரம் உப்போடு மேலேறி, அடிப்பகுதி சர்க்கரைபோல உதிரத் தொடங்கும். கருங்கல் பீடத்தில் ஏற்றுங்கள். சிற்பத்தைப் பீடத்தோடு பிணைக்கும் கம்பி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதாரண இரும்பு துருவேறிப் பருத்துக் கல்லைப் பிளந்துவிடும். தூக்க ஆள் சொல்லும்போது எடையைக் கணக்குப் போட்டுவிடுங்கள்: கன அடிக்குச் சுமார் 76 கிலோ.