ஐந்தாம் ஆண்டு மகளுக்குப் பழைய கணினி: எதை வாங்கலாம்?

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை ஒட்டிய வீட்டில் இருக்கிறோம். மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். இதுவரை என் கைப்பேசியில்தான் வீட்டுப்பாடம் செய்கிறாள். ஒரு செகண்ட் ஹேண்ட் கணினி வாங்கித் தரலாம் என்று 800 வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறோம். இங்குள்ள கடையில் ஐ7 மடிக்கணினி ஒன்று 750 வெள்ளி; விண்டோஸ் 11, ஆபீஸ் எல்லாம் போட்டே தருவார்களாம். ஈப்போவில் ஒரு கடையில் டெல் ஆப்டிபிளெக்ஸ் மேசைக் கணினி, ஐ5, திரையோடு சேர்த்து 650 வெள்ளி. ஐ7தான் பெரியது, அதையே வாங்குவோம் என்கிறார் என் கணவர். இரண்டின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன். எதை வாங்குவது?

பதில்: ஈப்போ மேசைக் கணினியை வாங்குங்கள். மிச்சமாகும் 150 வெள்ளிக்கும் வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

ஐ5, ஐ7 என்ற எழுத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அதற்கு அடுத்து வரும் எண்தான் முக்கியம். நீங்கள் அனுப்பிய படத்தில் மடிக்கணினியின் சிப், அதாவது அதன் மூளை, ஐ7-4600யூ. கோட்டுக்குப் பிறகு வரும் 4, நான்காம் தலைமுறை என்பதைக் காட்டுகிறது. 2013இல் வந்தது, உள்ளே இரண்டே கோர் (கணக்குப் போடும் பகுதி). மேசைக் கணினியில் இருப்பது ஐ5-8500: எட்டாம் தலைமுறை, 2018இல் வந்தது, ஆறு கோர். பெயரில் சின்னதாகத் தெரிவதுதான் இங்கே வேகமானது.

இதில் வேகத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. இன்டெல் சிப் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11ஐ மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொள்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025உடன் முடிந்துவிட்டது. அப்படியானால் நான்காம் தலைமுறை மடிக்கணினியில் விண்டோஸ் 11 எப்படி வந்தது? மைக்ரோசாஃப்டின் தகுதிச் சோதனையை ஏமாற்றிப் போட்டிருக்கிறார்கள். இன்றைக்கு ஓடும். ஆனால் அப்படிப்பட்ட கணினிக்குப் பாதுகாப்பு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை.

"ஆபீஸ் எல்லாம் போட்டே தருகிறோம்" என்ற பேச்சுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. இந்த விலையில் உரிமம் உள்ள ஆபீஸ் கிடைப்பது அரிது. திருட்டு ஆபீஸை இயக்கும் கருவிகள் பலவற்றை, ஆன்டிவைரசை நிறுத்திவைத்தால்தான் ஓட்ட முடியும். காவலை எடுத்துவிட்ட கணினியில் உங்கள் மகள் பள்ளிக் கணக்கின் கடவுச்சொல்லைத் தட்டப் போகிறாள். நாளைக்கு நீங்களும் அதிலேயே வங்கிக் கணக்கைத் திறப்பீர்கள். அது வேண்டவே வேண்டாம். லிப்ரே ஆபீஸ் இலவசம். கல்வி அமைச்சு மாணவர்களுக்குத் தந்திருக்கும் டெலிமா கணக்கில் நுழைந்தால் கூகுள் டாக்ஸ், ஸ்லைட்ஸ், கிளாஸ்ரூம் எல்லாம் பிரவுசரிலேயே கிடைக்கும். அந்தக் கணக்கு உங்கள் மகளுக்கும் இருக்கும். கடவுச்சொல் மறந்திருந்தால் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

ஈப்போவுக்குப் போகும்போது அவசரப்படாதீர்கள். கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபௌட் என்ற பக்கத்தைத் திறந்து, சிப் எண்ணும் ரேமும் சொன்னபடி இருக்கிறதா என்று நீங்களே படியுங்கள். 8 ஜிபி ரேமும் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) 256 ஜிபி எஸ்எஸ்டியும் (கோப்புகளைச் சேமிக்கும் வேகமான வட்டு) இருந்தால் பிள்ளைக்குத் தாராளம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் எஸ்எஸ்டி மாற்றித் தரச் சொல்லி விலை பேசுங்கள். அது இல்லாமல் எவ்வளவு நல்ல சிப்பும் இழுத்துக்கொண்டுதான் நிற்கும். ஆக்டிவேஷன் பக்கத்தில் விண்டோஸ் செயல்பாட்டில் இருப்பதாகக் காட்ட வேண்டும். பிறகு ஒருமுறை நிறுத்தி, மீண்டும் போடும்போது, விண்டோஸ் வருவதற்கு முன்பே எஃப்2 விசையைத் தட்டுங்கள்; கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கம் வர வேண்டும். அங்கே கடவுச்சொல் கேட்டால் பழைய நிறுவனத்தின் பூட்டு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கடைக்காரர் எடுத்துத் தராவிட்டால் வாங்காதீர்கள்.

இப்போது அந்த 150 வெள்ளி. அலுவலகங்களில் ஓடிய இந்தப் பெட்டிகள் பலவற்றில் வைஃபை கிடையாது, அங்கெல்லாம் கேபிள்தான். வீட்டுக்கு வந்து இன்டர்நெட் வரவில்லையே என்று தவிக்காமல், யூஎஸ்பியில் செருகும் சின்ன வைஃபை அடாப்டரையும் வாங்கிவிடுங்கள். திரைக்குப் போகும் கேபிளையும் கவனியுங்கள். பெட்டியில் டிஸ்பிளேபோர்ட் இருக்கும், பழைய திரையில் விஜிஏ இருக்கும், இரண்டும் நேராகச் சேராது; அதற்கும் ஓர் அடாப்டர் வேண்டும். கேமராவும் மைக்கும் இருக்காது. இணைய வகுப்பு இருந்தால் மட்டும் வெப்கேம் வாங்கலாம், இப்போதே வேண்டியதில்லை. மின்சாரம் திடீரென எகிறினால் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் உள்ள பிளக் கட்டாயம் வேண்டும். பேராக்கில் சாயங்கால இடிமழை எப்படிப்பட்டது என்பது உங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகும், வானம் இருட்டினால் பிளக்கையும் மோடத்திலிருந்து வரும் கேபிளையும் பிடுங்கிவிடும் பழக்கத்தை மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

வீட்டில் முதல் வேலை, செட்டிங்ஸில் ரிக்கவரி பக்கத்துக்குப் போய் 'ரிசெட் திஸ் பிசி' கொடுத்து எல்லாவற்றையும் அழித்துவிடுவது. பிறகு உங்கள் பெயரில் நிர்வாகிக் கணக்கு, மகள் பெயரில் சாதாரணக் கணக்கு. இப்படி வைத்தால் புது மென்பொருள் எதைப் போடவும் பொதுவாக உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும். ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி தவறாகக் காட்டினால், பல இணையதளங்கள் பாதுகாப்பில்லை என்று சொல்லித் திறக்காது. பயந்துவிடாதீர்கள், உள்ளே இருக்கும் காசு போன்ற சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். சில வெள்ளிதான்.

மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, தமிழ் 99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். உயிரெழுத்து இடப்பக்கம், மெய் வலப்பக்கம் என்பதால் பிள்ளைகள் சீக்கிரம் பழகுவார்கள். ஒரு கட்டுரையைத் தமிழில் தட்டி, திருத்தி, தானே சேமித்து வைக்கும் பிள்ளைக்கு வரும் தன்னம்பிக்கையை நீங்களே பார்ப்பீர்கள். கைப்பேசியில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பதில் அது வராது. இன்னொன்று, பிள்ளைகள் விளையாட்டாக நிரல் எழுதப் பழகும் ஸ்கிராட்ச். அமெரிக்காவின் எம்ஐடி 2007இல் வெளியிட்டது, 8 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கானது, இலவசம். ஒருமுறை இறக்கிப் போட்டுவிட்டால் லைன் இல்லாத நாளிலும் ஓடும். கணினியைக் கூடத்தில் வையுங்கள், அறைக்குள் வேண்டாம்.

கேள்வி: கடையில் வாங்கிய பழைய மடிக்கணினி இரண்டே வாரத்தில் நின்றுவிட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று ரசீதில் இருப்பதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: முடியும். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை ரசீதில் அச்சடித்த ஒரு வரி பறித்துவிடாது. பழைய பொருள் என்பதால் புதிதுக்குச் சமமாக எதிர்பார்க்க முடியாதுதான். ஆனால் இரண்டு வாரத்தில் நிற்கும் பொருளையும் தலையில் கட்ட முடியாது. முதலில் கடைக்கு எழுத்து மூலம் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தியும் சான்றுதான். மசியாவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யுங்கள். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். இது வியாபாரியிடம் வாங்கியதற்கு மட்டும். முகநூலில் தனியாள் விற்றதை வாங்கியிருந்தால் இந்த வழி இல்லை.

கேள்வி: பழைய குரோம்புக் (கூகுளின் குரோம்ஓஎஸ் ஓடும் மடிக்கணினி) மலிவாகக் கிடைக்கிறது. ஏழு வயது மகனுக்கு வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், இரண்டு விஷயங்களைப் பார்த்த பிறகு. எல்லாவற்றையும் அழித்து மறுபடி திறக்கும்போது ஒரு பள்ளி அல்லது நிறுவனத்தின் பெயர் வந்தால் அது இன்னும் அவர்கள் பிடியில் இருக்கிறது, விட்டுவிடுங்கள். அடுத்து, செட்டிங்ஸில் 'அபௌட் குரோம்ஓஎஸ்' பக்கத்தில் அப்டேட் எந்த ஆண்டு வரை வரும் என்று போட்டிருக்கும். அதில் மூன்று ஆண்டாவது பாக்கி இருக்க வேண்டும்.