மாமியார் பக்கத்தில் இருக்கும்போது நிரப்பிய மனச்சோர்வுப் படிவம்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன், இது ஏழாவது மாதம். சென்ற முறை பரிசோதனைக்குப் போனபோது நர்ஸ் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளை எடுத்தார். அது கன்னடத்தில் இருந்ததால் அவரே படித்துக் கேட்டார். மாமியாரும் அருகில் இருந்தார். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று சொல்லிவிட்டேன். உண்மையில் சில வாரங்களாக எதிலும் மனம் ஒட்டவில்லை, அடிக்கடி அழுகை வருகிறது. வளைகாப்பு முடிந்ததும் சேலத்தில் உள்ள தாய்வீட்டுக்குப் போகிறேன். மறுபடி பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா? மனநோயாளி என்று எழுதிவிடுவார்களா? மாத்திரை சாப்பிட்டால் தாய்ப்பால் கொடுக்கலாமா?

பதில்: அவசியம் மறுபடி பரிசோதித்துக்கொள்ளுங்கள், வளைகாப்புக்கு முன்பே, தமிழில், வீட்டார் யாரும் உடன் இல்லாமல். தனியாகப் பேச வேண்டும் என்று நர்ஸிடம் நீங்கள் கேட்கலாம், அதில் தவறே இல்லை. நான் இதைவிட முக்கியமாகக் கருதுவது இன்னொன்று: சில வாரங்களாக எதிலும் மனம் ஒட்டவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதே மருத்துவரிடம் சொல்லப் போதுமான காரணம், அதற்கு எந்த மதிப்பெண்ணும் தேவையில்லை.

நீங்கள் விவரிப்பது 1987இல் வெளியான எடின்பரோ பேறுகால மனச்சோர்வு அளவுகோலாக இருக்க வேண்டும். கடந்த ஏழு நாட்களில் மனம் எப்படி இருந்தது என்பதைப் பத்துக் கேள்விகளில் அது கேட்கிறது; ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30; மனச்சோர்வு கூடக்கூட மதிப்பெண்ணும் கூடும். "ஆம்", "இல்லை" என்று பதில் சொல்வதற்காக அமைந்த தாள் அல்ல அது. முதல் இரண்டு கேள்விகளும், வழக்கம்போல் சிரிக்க முடிகிறதா, வரப்போவதை ஆவலுடன் எதிர்பார்க்க முடிகிறதா என்று கேட்பவை. அவற்றுக்கும் நீங்கள் "இல்லை" என்றே சொல்லியிருந்தால் அந்த இரண்டிலேயே ஆறு மதிப்பெண் சேர்ந்திருக்க வேண்டும், உடனே மேலும் விசாரித்திருக்க வேண்டும்; அவசரத்தில் படித்து முடிக்கும்போது இப்படித்தான் விஷயம் நழுவிப்போகிறது. களைப்பு, பசியின்மை, எடை மாற்றம் ஆகியவற்றை இந்த அளவுகோல் வேண்டுமென்றே கேட்பதில்லை, ஏனென்றால் கர்ப்பத்தில் அவை எல்லோருக்கும் மாறுகின்றன. ஆனால் நம் பெண்களில் பலர் மனத்துயரத்தை உடம்பு வலியாகவும் நெஞ்சு படபடப்பாகவும்தான் சொல்கிறார்கள், வீட்டிலும் "பிள்ளைத்தாய்ச்சி உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிடுகிறார்கள். ஆகவே அந்தத் தொந்தரவுகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே சோர்வைத் தரக்கூடியவை என்பதால் அந்த இரத்தப் பரிசோதனைகளையும் மருத்துவர் பார்ப்பார்.

மதிப்பெண் அதிகமாக வந்தாலும் அது நோய் முடிவு அல்ல, மருத்துவர் உங்களிடம் நிதானமாக உட்கார்ந்து பேச வேண்டும் என்பதற்கான அடையாளம் மட்டுமே. பொதுவாக 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம் என்று கொள்வார்கள், பல இடங்களில் 10 வந்தாலே கவனிப்பார்கள். வேலூரில் தமிழ் வடிவத்தைச் சோதித்தவர்கள் இதைவிடக் குறைந்த எண்ணையே எல்லையாகக் கொண்டார்கள். பத்தாவது கேள்வி தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதற்குப் பூஜ்யம் தவிர எந்த விடை வந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், அன்றே பேச வேண்டும். முன்பு எப்போதாவது உங்களுக்கோ, இரத்த உறவில் யாருக்காவதோ மனநலச் சிகிச்சை நடந்திருந்தாலும், வீட்டில் அடி, மிரட்டல் இருந்தாலும் தாள் அதைக் காட்டாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை சேலம் பயணம்தான். பெங்களூரில் தொடங்கிய கவனிப்பு தாய்வீட்டில் அறுந்துபோகிறது. திரும்பி வரும்போது குழந்தைக்குச் சில மாதங்கள் ஆகியிருக்கும், இடைப்பட்ட காலத்தில் தாயை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வு, பிரசவித்த பெண்களில் சுமார் 22 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு இருப்பதாக மதிப்பிட்டது; ஐந்தில் ஒருவருக்கு மேல். எனவே மதிப்பெண்ணையும் தேதியையும் தாய் கார்டில், அதாவது உங்கள் கர்ப்பகாலப் பரிசோதனைகளைக் குறித்துவைக்கும் அட்டையில், எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசி போடப் போவீர்கள். ஆறாவது வாரத்தில் உங்களையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லுங்கள், பிறகு ஒன்பதாம் மாத ஊசியின்போது இன்னொரு முறை.

பிரசவமான மூன்றாம் நான்காம் நாளில் வரும் அழுகையும் எரிச்சலும் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே தணியும். தணியாவிட்டால் காத்திருக்க வேண்டாம். ஆனால் உறக்கமே இல்லாமல் படபடவென்று பேசுவது, சம்பந்தமில்லாத சந்தேகம், காதில் குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீதமான எண்ணம் ஆகியவை ஆயிரத்தில் ஒன்றிரண்டு தாய்மார்களுக்கு வரும் வேறொரு நோயின் அறிகுறிகள். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இதை உங்கள் அம்மாவிடமும் கணவரிடமும் இப்போதே சொல்லிவையுங்கள், ஏனெனில் அந்த நேரத்தில் உங்களுக்கே அது தெரியாமல் போகலாம்.

லேசான மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சையும் வீட்டு வேலைப் பகிர்வும் போதுமானதாக இருக்கும். மாத்திரை தேவைப்பட்டாலும் பால் நிறுத்த வேண்டும் என்பதில்லை. செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே சேர்கின்றன. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் கர்ப்பம் தெரிந்ததும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்ற பயமும் வேண்டாம்: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. உங்கள் ஊரிலேயே, ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசின் மனநல மருத்துவமனையில், தாயையும் சேயையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் தனிப் பிரிவு 2009 முதல் நடக்கிறது. சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். எங்கிருந்தாலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். தற்கொலை எண்ணம் தலைகாட்டினால் அந்த எண்ணை உடனே அழையுங்கள், அருகில் இருப்பவரை எழுப்புங்கள், தனியாக இருக்காதீர்கள்.