பகலில் கண், மாலையில் காது

வணக்கம் ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை உங்களுக்கு. பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான், கோயம்புத்தூரில் இசிஇ (மின்னணு, தகவல்தொடர்புப் பொறியியல்) சேரும் அளவுக்குக் கட்ஆஃப் இருக்கிறது. அவனோ சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஓராண்டு சவுண்ட் இன்ஜினியரிங் டிப்ளமோதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். கட்டணம் பல லட்சம். "ராத்திரி இரண்டு மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே பாட்டில் பத்து விநாடியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான், டாக்டரிடம் காட்டணுமா?" என்று வேறு கேட்டிருக்கிறீர்கள்.

டாக்டர் வேண்டாம். அந்தப் பத்து விநாடியில் அப்படி என்ன இருக்கிறது என்று அவனிடம் ஒருமுறை கேளுங்கள். "பாட்டு பிடிக்கும்" என்று சொன்னால் அவன் நல்ல ரசிகன், கவலையில்லாமல் இசிஇயில் சேர்த்துவிடுங்கள். "இந்த இடத்தில் வயலின் திடீரென்று காதுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, எப்படிச் செய்தார்கள் என்று புரியவில்லை" என்று சொன்னால் அது வேறு கிறுக்கு. அந்தக் கிறுக்கோடு ஒருவர் அறுபது ஆண்டுக்கு மேல் வாழ்ந்திருக்கிறார். அவர் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்கள் கேள்விகளுக்கு அப்புறம் வருகிறேன்.

அவர் பெயர் ரூடி வான் கெல்டர், ஜாஸ் இசைத்தட்டுகளுக்குப் புகழ்பெற்ற ஒலிப்பதிவாளர். 1924இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்தவர். அப்பா அம்மா பெண்களுக்கான துணிக்கடை வைத்திருந்தார்கள். பையனுக்குச் சின்ன வயதிலேயே ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலித் தொடர்பு) பைத்தியம், கூடவே ஜாஸ் இசைப் பைத்தியம். ஆனால் ஒலிப்பதிவை நம்பிப் பிழைக்க முடியும் என்ற நம்பிக்கை அவருக்கே இல்லை. அதனால் பிலடெல்பியாவில் கண் பரிசோதனைப் படிப்பு படித்தார். கண்ணைச் சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிற ஆப்டோமெட்ரிஸ்ட் வேலை. 1959 வரை அதுதான் அவருக்குச் சோறு போட்டது.

இதில் பெற்றோரின் பங்கு எனக்கு மிகவும் பிடிக்கும். ஹேக்கன்சாக் என்ற ஊரில் அவர்கள் புது வீடு கட்டினார்கள். வரவேற்பறையை ஒட்டி ஒரு சின்னக் கட்டுப்பாட்டு அறை, நடுவில் கண்ணாடி ஜன்னல் என்று பையன் கேட்டான். சரி என்று சுவரில் இடம் விட்டுக் கட்டிவிட்டார்கள். பகலில் கண் கிளினிக், மாலையிலும் விடுமுறை நாளிலும் அப்பா அம்மாவின் வரவேற்பறையில் ஒலிப்பதிவு. மைல்ஸ் டேவிஸ், தெலோனியஸ் மங்க், சோனி ரோலின்ஸ் போன்ற ஜாஸ் மேதைகள் அந்தக் கூடத்தில் வந்து நின்று வாசித்தார்கள். மங்க் தன் இசைக்கோர்வை ஒன்றுக்கு அந்த ஊரின் பெயரையே வைத்தார். கண் வேலையில் வந்த காசெல்லாம் புதுக் கருவி வாங்கவே போனது என்று வான் கெல்டர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1950களின் தொடக்கத்தில் புளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்தின் ஆல்ஃபிரட் லயன் இவருடைய பதிவு ஒன்றைக் கேட்டுவிட்டுத் தேடி வந்தார். அதன் பிறகு வேலை குவிந்தது. 1959இல்தான் எங்கிள்வுட் கிளிஃப்ஸ் என்ற ஊரில், மரவளைவுகள் தாங்கும் 39 அடி உயரக் கூரையோடு தனி ஸ்டுடியோ கட்டிக்கொண்டு கண் வேலையை விட்டார். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1964 டிசம்பரில் பதிவுசெய்த புகழ்பெற்ற 'எ லவ் சுப்ரீம்' அங்கே எடுக்கப்பட்டதுதான். 2016இல் 91 வயதில் இறக்கும்வரை அதுவே அவருக்கு வீடும் ஸ்டுடியோவும். 1999 முதல் தன் பழைய பதிவுகளையே எடுத்துப் புதிதாக மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியைக் கடைசியாகச் சீர்படுத்துவது) செய்து கொடுத்தார். எழுபத்தைந்து வயதுக்காரர் முப்பது வயதில் தான் செய்த வேலையைத் திரும்ப உட்கார்ந்து கேட்பது எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

அவருடைய பழக்கங்களைச் சொன்னால் உங்கள் பட்டறையில் இருக்கும் மூத்த மேஸ்திரி யாராவது ஞாபகத்துக்கு வரலாம். கருவிகளைத் தொடும்போது கையுறை போட்டுக்கொள்வார். மைக்கை வேறு யாரும் தொடக்கூடாது. கட்டுப்பாட்டு அறையில் தின்பண்டமோ காபியோ கூடாது. மைக்கை எங்கே எப்படி வைக்கிறார் என்பதைக் கடைசிவரை யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. பதிவோடு நிற்காமல், இசைத்தட்டு அச்சடிக்க அடிப்படையான மூலத்தட்டையும் தானே வெட்டினார். லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் அவருடைய முத்திரை கீறப்பட்டிருக்கும். பழைய தட்டு சேகரிப்பவர்கள் இன்றைக்கும் அதைத் தேடிப் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள்.

எல்லோரும் அவரைக் கொண்டாடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சார்லஸ் மிங்கஸ் என்ற பெரிய இசைக்கலைஞர், இவர் வாசிப்பவனின் ஓசையையே மாற்றிவிடுகிறார் என்று சொல்லி இவரிடம் பதிவுக்குப் போக மறுத்தார். பியானோ இவர் பதிவில் பெட்டிக்குள்ளிருந்து கேட்பதுபோல இருக்கிறது என்று குறை சொன்னவர்களும் உண்டு. எனக்கும் சில தட்டுகளில் அப்படித்தான் கேட்கிறது.

இந்தக் கதையை எடுத்துக்கொண்டுபோய், "பார்த்தாயா, அவரே முதலில் டிகிரிதான் வாங்கினார்" என்று தம்பியின் முன்னால் நீட்டிவிடாதீர்கள். நான் சொன்ன நோக்கம் அதில்லை. அவருக்குச் சொந்த வீட்டில் ஒரு அறை கிடைத்தது, பதிமூன்று ஆண்டு அவசரமில்லாமல் தவறு செய்ய இடம் கிடைத்தது. கண் வேலை அவருக்கு அந்த அவகாசத்தை வாங்கிக் கொடுத்தது. நீங்கள் பணம் கட்டத் தயங்குகிற அந்த ஓராண்டுப் படிப்பில் கிடைக்காத பொருள் அந்த அவகாசம்தான். கருவியை எப்படி இயக்குவது என்று ஒரு வருடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். கேட்கப் பழக ஒரு வருடம் போதாது.

இனி உங்கள் கேள்விகள். "சோறு போடுமா?" போடும், ஆனால் தாமதமாகப் போடும். சினிமாப் பாட்டுப் பதிவு மட்டும்தான் இந்தத் தொழில் என்று நினைத்துக்கொண்டு வருகிற பையன்கள்தான் அதிகம். அந்தக் கதவு மிகக் குறுகல். பாடகர்களே வீட்டில் மைக் வைத்துப் பாடி ஃபைலை அனுப்பிவிடும் காலத்தில் பெரிய ஸ்டுடியோக்களின் தேவையும் குறைந்துவிட்டது. ஆனால் மேடைக் கச்சேரி, திருமண மண்டபம், மாநாட்டு அரங்கம், படப்பிடிப்புத் தளத்தில் வசனம் பதிவது, டப்பிங், ஓடிடி தொடர்களுக்கான மிக்சிங் (ஒலிக்கலவை), கல்லூரி அரங்கத்துக்கு ஒலி அமைப்பைத் திட்டமிட்டு நிறுவுவது என்று மற்ற பக்கங்கள் விரிந்துகொண்டே போகின்றன. ஊரில் மைக் செட் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் தொழிலின் பெரிய அண்ணன்கள் இவை. முதல் இரண்டு மூன்று வருடம் கேபிள் சுற்றுவது, ஸ்டாண்ட் தூக்குவது, டீ வாங்கி வருவது. சம்பளம் தேதிக்கு வராது, சில இடத்தில் வரவே வராது. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவன் ஒரு ஸ்டுடியோவில் எட்டு மாதம் பைசா வாங்காமல் வேலை பார்த்தான். இன்று மேடைக் கச்சேரிகளில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆளாக இருக்கிறான். அவனோடு படித்த மூன்று பேர் எங்கே போனார்கள் என்று அவனுக்கே தெரியாது.

"இசிஇ வேஸ்ட்டா?" இல்லவே இல்லை. இதைத் தம்பியிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். ஒரே வீணைக்கு இரண்டு மைக் வைக்கிறோம். ஒன்று மற்றதைவிட 34 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் ஒலி அங்கே ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி தாமதமாகப் போய்ச்சேரும். இரண்டையும் சம அளவில் கலந்தால் 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும், வீணை சொத்தையாகக் கேட்கும். இது பிளஸ் டூ இயற்பியலில் அவன் படித்த குறுக்கீட்டு விளைவேதான். பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்திருப்பான். மைக்கை ஒரு சாண் நகர்த்தினால் சரியாகிற இந்தக் கோளாறை, இயற்பியல் தெரியாதவன் கணினியில் ஒரு மணி நேரம் திருகிக்கொண்டிருப்பான். ரசூல் பூக்குட்டியும் முதலில் இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டு, அதன் பிறகுதான் புனே திரைப்பட நிறுவனத்தில் ஒலிப்பதிவு படித்தார். 2009இல் ஒலிக்கலவைக்கு ஆஸ்கர் வாங்கியவர் அவர்.

என் கருத்தைக் கேட்டால், உங்களுக்கு வழி இரண்டு. சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுக்கென்றே நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. அரசு நிறுவனம், அதனால் தனியார் கட்டணத்தோடு ஒப்பிட வேண்டியதில்லை. இடங்கள் குறைவு, போட்டி அதிகம். இந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்து உடனே விண்ணப்பியுங்கள். கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். கிடைக்காவிட்டால் இசிஇ சேரட்டும், வார இறுதியில் கோவையில் ஏதாவது ஒரு சவுண்ட் சர்வீஸ்காரரோடு லாரியில் ஏறிப் போகட்டும். நான்கு வருடம் கழித்தும் கிறுக்கு தீரவில்லையென்றால் புனே, கொல்கத்தா திரைப்பட நிறுவனங்களில் முதுநிலைப் படிப்புக்குப் போகலாம். அங்கே பட்டமும் கேட்பார்கள், பள்ளியில் இயற்பியல் படித்திருக்கிறாயா என்றும் கேட்பார்கள். பல லட்சம் கட்டி ஓராண்டு டிப்ளமோ என்பதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாமல் ஒரு சுமாரான மைக், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு நல்ல ஹெட்போன் வாங்கிவிடலாம். ஓர் அறையையும் ஒழித்துக் கொடுத்துவிடுங்கள். விளம்பரத்தில் "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்று போட்டிருக்கிறதல்லவா, போன வருடம் முடித்தவர்களில் இரண்டு பேரின் நம்பரைக் கேட்டுப் பாருங்கள், கொடுக்கிறார்களா என்று.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். இந்தத் தொழிலில் காதுதான் முதல். வேலையிடத்துக்கு வல்லுநர்கள் சொல்லும் கணக்கு, 85 டெசிபல் சத்தத்தில் நாளைக்கு எட்டு மணி நேரம் என்பது. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். 88 என்றால் நான்கு மணி, 91 என்றால் இரண்டு மணி. உங்கள் பட்டறையில் தகட்டில் ரிவெட் அடிக்கும் சத்தம் இதையெல்லாம் எப்போதோ தாண்டியிருக்கும். விடுமுறையில் பையன் அங்கே வந்து நிற்பான் என்று எழுதியிருந்தீர்கள். காதுமூடி இல்லாமல் இனி ஒருநாள்கூட நிற்க வேண்டாம். நீங்களும்தான். ராத்திரி ஹெட்போனிலும் சத்தத்தைக் குறைத்துக் கேட்கச் சொல்லுங்கள். பத்து விநாடியை நூறு முறை கேட்கட்டும், பரவாயில்லை.

கடைசியாக ஒரு வேலை கொடுக்கிறேன், அவனுக்கும் உங்களுக்கும் சேர்த்து. தகட்டைத் தட்டிப் பார்த்தே ரிவெட் இறுகியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன் என்று கடிதத்தின் ஓரத்தில் சற்றுப் பெருமையாக எழுதியிருந்தீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்கள் இல்லாத நேரத்தில் அவனைப் பட்டறைக்குக் கூட்டிப் போங்கள். கையில் கைபேசி ஒன்று போதும். இறுகியது பத்து, தளர்ந்தது பத்து, மாற்றி மாற்றி நீங்கள் தட்டுங்கள், அவன் பதிவு செய்யட்டும். கைபேசியை எங்கே வைத்தால் உங்களுக்குக் கேட்கிற வித்தியாசம் பதிவிலும் கேட்கிறது என்று அவனே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் வரிசையைக் கலைத்துப் போட்டு உங்களுக்குப் போட்டுக் காட்டட்டும். கண்ணை மூடிக்கொண்டு எது எதுவென்று சொல்லுங்கள். இருபதில் பதினைந்துக்குமேல் சரியாக வந்தால் அந்த ஃபைலை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், நான் அவனோடு நேரில் பேசுகிறேன். குறைந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கைபேசியை வேறு இடத்தில் வைத்துப் பார்க்கட்டும்.