வேதியியல் படிக்கும் மகளும் அரசு ஆய்வக வேலையும்: கடலூர் அம்மா ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா,

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து நீங்கள் எழுதியது கிடைத்தது. மகள் பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம். பி.எட். சேரச் சொன்னால், 'அரசாங்க டெஸ்டிங் லேப் வேலைக்குத்தான் போவேன்' என்கிறாள். 'லேப்ல பாட்டில் கழுவுறதுக்கா மூணு வருஷம் படிச்சா?' என்று வீட்டில் ஒருவர் கேட்டுவிட, உங்களுக்கு மனசு ஆறவில்லை.

முதலில் அந்தப் பேச்சை விடுங்கள். வீடு கட்டியவர்கள் சிமென்ட் மூட்டையில் '53 கிரேடு' என்று பார்த்திருப்பார்கள். அந்த 53 விளம்பர எண் இல்லை. சிமென்டைச் சோதனைக்கென்றே தரப்படுத்திய மணலோடு கலந்து, பக்கத்துக்கு ஏழு சென்டிமீட்டர் அளவில் கட்டிகளாக வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, 3, 7, 28 நாட்களில் எந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்ப்பார்கள். 28-ஆம் நாள் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 53 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். அதே சிமென்டில் மெக்னீசியா எவ்வளவு, சல்பேட் எவ்வளவு என்று பார்ப்பது வேதியியல் படித்தவர்கள். 916 நகையில் உண்மையாகவே ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம் இருக்கிறதா என்று உருக்கிப் பார்ப்பதும், குழந்தை வாயில் வைக்கும் பொம்மையின் சாயத்திலிருந்து ஈயம் கசிகிறதா என்று பார்ப்பதும் அவர்கள்தான். அந்த அறிக்கையை வைத்துத்தான் ஒரு கம்பெனிக்கு முத்திரை கிடைப்பதும் பறிபோவதும் முடிவாகிறது. இது மதிப்பான வேலை. உங்கள் மகள் விரும்புவதில் தவறே இல்லை.

அடுத்து, உங்கள் அண்ணன் சொன்ன எஸ்.டி.க்யூ.சி. அது மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் ஆய்வக வலைப்பின்னல். டெல்லி, மும்பை, கொல்கத்தா, திருவனந்தபுரத்தில் பெரிய ஆய்வகங்கள்; சென்னையிலும் ஒன்று உண்டு. மின்னணுச் சாதனங்களைச் சோதிப்பது, அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது, மென்பொருள் பாதுகாப்பை ஆராய்வது, ஆதார் கைரேகைக் கருவிகளுக்குச் சான்று கொடுப்பது எல்லாம் அங்கே நடக்கிறது. நல்ல நிறுவனம்தான். ஆனால் பெரும்பாலும் எலக்ட்ரானிக்ஸ், கணினி படித்தவர்களைத்தான் எடுக்கிறார்கள். பி.எஸ்சி. வேதியியலை வைத்துக்கொண்டு அந்த வாசலில் காத்திருந்தால் வயதுதான் போகும். பாலிடெக்னிக்கில் ஈ.சி.ஈ. படிக்கும் உங்கள் மகன் பிறகு பி.ஈ. முடித்தால், அந்த யோசனையை அவனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்குப் பொருந்துவது வேறு இரண்டு. ஒன்று, ஐ.எஸ்.ஐ. முத்திரை கொடுக்கும் பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர நிர்ணய அமைவனம். 1947-இல் ஐ.எஸ்.ஐ. என்று தொடங்கி, 1987-இல் இந்தப் பெயருக்கு மாறியது. தலைமை ஆய்வகம் டெல்லியை ஒட்டிய சாகிபாபாத்தில். நமக்குப் பக்கத்தில் சென்னை தரமணியில் ஒன்று. இன்னொன்று நேஷனல் டெஸ்ட் ஹவுஸ். 1912-இல் கொல்கத்தா அலிப்பூரில் ரயில்வேக்கான பொருட்களைச் சோதிக்க ஆரம்பித்தது. அதன் தென்மண்டல ஆய்வகமும் சென்னையில்தான்.

பி.ஐ.எஸ்.ஸில் பி.எஸ்சி. படிப்போடு நுழையக்கூடிய பதவி டெக்னிகல் அசிஸ்டென்ட், ஆய்வகப் பிரிவு. 2024-இல் வந்த அறிவிப்பில் வேதியியலை முதன்மைப் பாடமாக எடுத்து 60 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும் என்று கேட்டார்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 50. அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய், படிகள் தனி. வினாத்தாள் தமிழில் வராது. ஆங்கிலத்தில் எழுதத்தான் அவள் பழக வேண்டும். அதற்கு மேலே சயின்டிஸ்ட் 'பி' பதவி: அடிப்படைச் சம்பளம் 56,100. அதற்கு எம்.எஸ்சி.யும் 'கேட்' (GATE) என்ற தேசிய அளவிலான தேர்வின் மதிப்பெண்ணும் வேண்டும், பிறகு நேர்முகம். டெஸ்ட் ஹவுஸில் இதே பதவிக்கு யு.பி.எஸ்.சி. ஆள் எடுக்கிறது, பெரும்பாலும் ஆய்வக அனுபவமும் கேட்பார்கள்.

இங்கேதான் நான் உங்களிடம் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த அறிவிப்புகள் வருடா வருடம் வருவதில்லை. வந்தாலும் இந்தியா முழுவதற்கும் சேர்த்து இடங்கள் குறைவு. அறிவிப்பு வரும்வரை வீட்டில் உட்கார்ந்து கோச்சிங் புத்தகம் படிப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். மூன்று வருடம் அப்படி உட்கார்ந்த பிள்ளைக்குப் பியூரெட் (திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்துவிடும் கண்ணாடிக் குழாய்) பிடித்த கை மறந்துபோகும்; பிறகு தனியார் ஆய்வகம்கூட யோசிக்கும்.

நம் ஊரில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. சிப்காட்டில் ரசாயன, மருந்துக் கம்பெனிகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் குவாலிட்டி கன்ட்ரோல் லேப் இருந்தே ஆக வேண்டும். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றில் கரைந்திருப்பது எவ்வளவு ('பிரிக்ஸ்'), அதில் சர்க்கரை எவ்வளவு ('போல்') என்று பார்க்க ஆட்கள் தேவை. அரை மணி, முக்கால் மணி பஸ் பயணத்தில் புதுச்சேரி. அங்கே மத்திய சிறுகுறு தொழில் துறையின் சோதனை நிலையமும், சோதனை ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் கொடுக்கும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களும் இருக்கின்றன. நெய்வேலி என்.எல்.சி. அப்ரென்டிஸ் அறிவிப்பிலும் அவள் பாடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சம்பளம் ஆரம்பத்தில் குறைவாகத்தான் இருக்கும், பல இடங்களில் ஒப்பந்த வேலை. இருந்தாலும் ஒரு வருடமாவது போகட்டும். அரசு ஆய்வகம் என்றாலும் தனியார் என்றாலும் சோதனை ஆய்வகங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 17025 என்ற ஒரே நெறிமுறைதான். ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்தில் அப்படியே செல்லும்.

என்ன கற்க வேண்டும் என்று அவள் கேட்பாள். கலவையில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி., ஜி.சி., உலோகங்களை அளக்கும் ஏ.ஏ.எஸ். போன்ற கருவிகளில் ஒன்றையாவது தானே இயக்கத் தெரிய வேண்டும். தராசை எப்போது, எதை வைத்துச் சரிபார்த்தார்கள் என்று கேட்கும் பழக்கம் வர வேண்டும். ஒரு முடிவை எழுதும்போது அதில் எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பதையும் கணக்கிட்டு எழுதத் தெரிய வேண்டும். நேர்முகத்தில் கல்லூரிப் பெண்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கேள்வியில்தான்.

இன்னொன்றை அவளிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள் அம்மா. கல்லூரி பிராக்டிகலில் டைட்ரேஷன் (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னொன்றின் அளவைக் கண்டுபிடிக்கும் சோதனை) செய்யும்போது, தனக்கு வந்த ரீடிங்கை எழுதினாளா, பக்கத்து மேஜைக்காரியின் ரீடிங்கைப் பார்த்து 'கன்கார்டன்ட்', அதாவது ஒன்றோடொன்று ஒத்துப்போகும் ரீடிங், வரும்படி எழுதினாளா? நம் கல்லூரிகளில் இது சர்வ சாதாரணம், மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகள் செய்கிறார்கள். சோதனை ஆய்வகத்தில் அந்தப் பழக்கத்துக்கு இடமே கிடையாது. தவறாக எழுதினால்கூட ஒயிட்னர் பூசக் கூடாது. பழைய எண் தெரியும்படி ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். இறுதி செமஸ்டர் பிராக்டிகலிலேயே இதைத் தொடங்கிவிடச் சொல்லுங்கள். சப்ளையர் நெருக்குவார், மேலாளர் அவசரப்படுத்துவார். தனக்கு வந்த எண்ணை மாற்றாமல் எழுத முடிகிற பெண் என்றால், இந்தத் துறையை நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன்.

'பணம் கொடுத்தால் லேபில் போஸ்டிங் வாங்கித் தருகிறேன்' என்று ஒருவர் வந்து போனதாக எழுதியிருந்தீர்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நிரந்தரப் பதவிகளுக்குத் தேர்வு நடக்கும், அறிவிப்பு அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் வரும். ஏற்கெனவே சான்றிதழ் நகல் எதையாவது கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிவிடுங்கள்.

எம்.எஸ்சி. படிக்க வைக்கலாமா? வீட்டு நிலைமை இடம் கொடுத்தால், வைக்கலாம். சயின்டிஸ்ட் பதவிக்கு மட்டுமல்ல, உணவுப் பகுப்பாய்வாளர் தேர்வுக்கும் முதுகலைப் பட்டம் வேண்டும், கூடவே மூன்று வருட உணவு ஆய்வக அனுபவமும். முந்திரியும் மீனும் ஏற்றுமதியாகும் நம் மாவட்டத்தில் அந்தத் தகுதிக்கு வேலை கிடைக்கும். இப்போது பணம் நெருக்கடி என்றால் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டுச் சேரட்டும்.

வடக்கே போக வேண்டி வருமா என்ற கேள்விக்கு: வரலாம். பி.ஐ.எஸ். வேலை இந்தியா முழுவதும் மாற்றலுக்கு உட்பட்டது. மொகாலி, பாட்னா, குவாஹாட்டி என்று ஆய்வகங்கள் இருக்கின்றன. தரமணியே கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. அப்பாவையும் உட்காரவைத்து, விண்ணப்பம் போடும் முன்பே மூவரும் இதைப் பேசிவிடுங்கள். அதோடு இதுவரை வந்த செமஸ்டர் மதிப்பெண்களைக் கூட்டி 60 சதவீதம் நிற்கிறதா என்று இந்த வாரமே பார்த்து எனக்கு எழுதுங்கள். குறைந்தால், கடைசி செமஸ்டரில் எவ்வளவு எடுத்தால் சரியாகும் என்று உட்கார்ந்து கணக்குப் போடலாம்.