டைகர்ஸ்: ஹியூஸ்டனுக்கு முன் உங்கள் கேள்விகள்

2024 செப்டம்பர் 30, திங்கள். 162 ஆட்டங்களும் நேற்றோடு முடிந்தன. நம் பேஸ்பால் அணி டெட்ராய்ட் டைகர்ஸ் 86 வெற்றி, 76 தோல்வி. 2014-க்குப் பிறகு முதல் முறையாக பிளேஆஃப் (சீசன் முடிந்ததும் நடக்கும் பட்டச் சுற்றுகள்). நாளை பிற்பகல் (இந்தியாவில் நள்ளிரவு) ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸுடன் மூன்று ஆட்டங்கள் கொண்ட வைல்ட் கார்டு தொடர் தொடங்குகிறது, இரண்டில் வென்றவர் அடுத்த சுற்றுக்குப் போவார். கேட்டிருந்தவற்றில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, முடிந்தவரை எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன்.

நோவை, மிச்சிகன்: அண்ணா, மனதைத் தொட்டுச் சொல்லுங்கள், இது அதிர்ஷ்டம்தானே? ஆகஸ்ட் வரை படுத்துக்கிடந்த அணி திடீரென்று எப்படி இப்படி ஆடும்?

அதிர்ஷ்டமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆகஸ்ட் 10 அன்று நம் கணக்கு 55 வெற்றி, 63 தோல்வி. டிவிஷனை (லீகின் பிரிவை) வெல்லாத அணிகளுக்கான கடைசி வைல்ட் கார்டு இடத்துக்கு 10 ஆட்டம் பின்னால் இருந்தோம். ஃபேன்கிராஃப்ஸ் தளம் அப்போது கொடுத்த வாய்ப்பு 0.2 சதவீதம், அதாவது ஐநூறில் ஒன்று. அதன் பிறகு ஆடிய 44 ஆட்டங்களில் 31 வெற்றி. மின்னசோட்டா ட்வின்ஸ் மட்டும் ஒழுங்காக ஆடியிருந்தால் இந்த 31-கூடப் போதாமல் போயிருக்கும். ஆகஸ்ட் நடுவில் 70-53 என்று இருந்த அணி, மிச்சம் இருந்த 39 ஆட்டங்களில் 12 மட்டுமே ஜெயித்தது. அவர்கள் சரிந்ததில்தான் நமக்கு வழி பிறந்தது.

ஆனால் 44 ஆட்டம் என்பது ஒரு வாரத்துக் கூத்து இல்லை, சீசனில் கால் பங்குக்கும் மேல். அந்த வாரங்களில் ஆடிய அணியும் ஏப்ரலில் ஆடிய அணியும் ஒன்றல்ல. முதுகு காயத்தில் மே மாதம் போன கெரி கார்ப்பென்டர் ஆகஸ்டில் திரும்பி வந்தார். மைனர் லீகுக்கு அனுப்பப்பட்டு, அப்புறம் தொடைத் தசைக் காயமும் பட்ட பார்க்கர் மெடோஸ் ஆகஸ்ட் தொடக்கத்தில் வந்தார், வந்ததும் சென்டர் ஃபீல்டுக்கு (மைதானத்தின் நடுப் பின்பகுதிக்கு) வரும் பந்தெல்லாம் அவர் கையில் போய் விழ ஆரம்பித்தது. டிரே ஸ்வீனியும் ஜேஸ் யங்கும் ஆகஸ்ட் 16 அன்று ஒன்றாக அறிமுகமானார்கள். மறுநாள் ஸ்பென்சர் டார்கெல்சன் நம் மைனர் லீக் அணியான டொலீடோவிலிருந்து திரும்பினார். இரண்டே வாரத்தில் பாதி அணி மாறியதைக் கணக்கில் எடுக்காமல் "திடீரென்று" என்று சொல்லக் கூடாது.

ட்ராய், மிச்சிகன்: ஜூலையில் ஆட்களை விற்றுவிட்டுச் செப்டம்பரில் தகுதி பெற்றிருக்கிறோம். அணியை அமைக்கும் தலைவர் ஸ்காட் ஹாரிஸ் திட்டம் போட்டுச் செய்தாரா? பிட்சர் (பந்து வீசுபவர்) ஜாக் ஃப்ளாஹெர்ட்டி இருந்திருந்தால் இன்னும் பலமாக இருந்திருக்குமே?

இந்த சீசனுக்காக அவர் விற்கவில்லை, அடுத்த சில ஆண்டுகளை நினைத்து விற்றார். ஃப்ளாஹெர்ட்டி டாட்ஜர்ஸுக்கு, மார்க் கான்ஹா ஜயன்ட்ஸுக்கு, கேட்சர் கார்சன் கெல்லியும் இடக்கை ரிலீவர் (ஆட்டத்தின் இடையில் வந்து வீசுபவர்) ஆண்ட்ரூ சேஃபினும் ரேஞ்சர்ஸுக்கு. அன்றைக்கு எனக்கும் வயிறு எரிந்தது. இருந்தாலும் நடந்ததைப் பாருங்கள். ஃப்ளாஹெர்ட்டிக்குப் பதிலாக வந்தவர்களில் ஒருவர்தான் ஸ்வீனி. ஹாவியர் பாயெஸ் இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் போனபோது ஷார்ட்ஸ்டாப் இடத்தை நிரப்ப ஆள் தயாராக இருந்தார். கான்ஹா இருந்திருந்தால் டார்கெல்சனைத் திரும்பக் கூப்பிட இடம் கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம்.

நாளை மறுநாள் இரண்டாவது ஆட்டத்தில் ஃப்ளாஹெர்ட்டி இல்லாத குறை தெரியத்தான் செய்யும். அதை மறைக்க முடியாது. ஆனால் அவர் இருந்திருந்தால், இந்தப் பையன்களுக்குக் கிடைத்த ஆறேழு வாரம் கிடைத்திருக்காது, நாம் ஹியூஸ்டன் வரை வந்திருக்கவும் மாட்டோம் என்பதே என் கணிப்பு.

ஆன் ஆர்பர்: இந்தக் கோடையில்தான் மிச்சிகன் வந்தேன், கிரிக்கெட் மட்டும் தெரியும். தாரிக் ஸ்கூபலைத் தவிர நம்மிடம் ஸ்டார்ட்டரே (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சரே) இல்லை என்கிறார்கள். அப்படியானால் பந்து போடுவது யார்?

வாங்க வாங்க, நல்ல வருஷமாகப் பார்த்து வந்திருக்கிறீர்கள்.

வழக்கமாக பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸில் ஒரு ஸ்டார்ட்டர் ஐந்தாறு போடுவார், பிறகு புல்பென்னிலிருந்து, அதாவது ரிலீவர் கூட்டத்திலிருந்து, ஒவ்வொருவராக வருவார்கள். கிரிக்கெட்டில் போல முதலில் போட்டவர் திரும்ப வந்து இன்னொரு ஸ்பெல் போட முடியாது, வெளியே போனால் போனதுதான். அதனால் யாரை எப்போது எடுப்பது என்பதில்தான் மேனேஜரின் மூளை தெரியும்.

நம் மேனேஜர் ஏ.ஜே. ஹின்ச் செய்தது இதைத் தலைகீழாக்கியது. டைலர் ஹோல்டனோ பியூ பிரீஸ்கியோ ரிலீவர்தான், ஆனால் முதல் இன்னிங்ஸை அவர்கள் போடுவார்கள். எதிரணியின் மிகச் சிறந்த மூன்று நான்கு பேரைச் சந்தித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் பிராண்ட் ஹர்ட்டர் மாதிரி ஒருவர் வந்து நடுவில் நான்கு இன்னிங்ஸ். கடைசியில் வில் வெஸ்ட், ஜேசன் ஃபோலி. எதிரணி மேனேஜர் இடக்கைப் பிட்சருக்கு ஏற்ற ஆட்களைப் போட்டால் இரண்டாவது இன்னிங்ஸிலேயே வலக்கைக்காரர் வந்து நிற்பார். எந்த பேட்ஸ்மேனும் ஒரே பிட்சரை மூன்று தடவை பார்க்க முடியாது, பழக நேரமே கிடைக்காது. ஹின்ச் இதற்கு வைத்த பெயர் 'பிட்சிங் கேயாஸ்'. பெயரில்தான் குழப்பம். செயலில் அத்தனை துல்லியம்.

செப்டம்பர் 13 ஆட்டத்தின் பதிவு கிடைத்தால் பாருங்கள். பால்ட்டிமோர் ஓரியோல்ஸுக்கு எதிராகப் பிரீஸ்கி, ஹர்ட்டர் என்று மாற்றி மாற்றிப் போட்டு ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆகும்வரை ஒரு ஹிட் (அடித்தவர் பேஸை எட்டும் அடி) கூடக் கொடுக்கவில்லை. கன்னர் ஹெண்டர்சன் ஒரு டிரிபிள் (மூன்று பேஸ் ஓடும் அடி) அடித்து அதைக் கெடுத்தார். ஆனாலும் 1-0 என்று நாம்தான் ஜெயித்தோம். அதற்கு மூன்று நாள் முன்பு கெய்டர் மொன்டேரோ தனியாளாக ராக்கீஸை மூன்று ஹிட்டில் சுருட்டினார். ஸ்டார்ட்டர் இல்லை என்று சொல்பவர்கள் அதையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

ஒரே ஒரு பலவீனம் உண்டு. இந்த முறைக்கு ஓய்வு வேண்டும். வைல்ட் கார்டு தொடர் இடைவெளி இல்லாமல் மூன்று நாள். செவ்வாய்க்கிழமை ஸ்கூபல் ஆறேழு இன்னிங்ஸ் போட்டுவிட்டால் புதன், வியாழன் இரண்டு நாளும் புல்பென் புத்துணர்ச்சியோடு இருக்கும். அவர் நான்கில் வெளியே வந்துவிட்டால் கஷ்டம்தான்.

கேன்டன், மிச்சிகன்: வரலாற்றிலேயே மோசமான அணியான வைட் சாக்ஸிடம் கடைசி இரண்டு ஆட்டத்தையும் தோற்றோம். அதனால்தான் ஹியூஸ்டன் போக வேண்டியதாயிற்று. இது கெட்ட சகுனம் இல்லையா?

வெள்ளிக்கிழமை இரவு தகுதி உறுதியானது, 4-1 வெற்றி, அதே ஆட்டத்தில் வைட் சாக்ஸ் 121-வது தோல்வியைக் கண்டு நவீன கால சாதனையும் படைத்தது. சனி, ஞாயிறு இரண்டும் போனது உண்மை. ஒன்றை வென்றிருந்தாலும் 87 வெற்றியோடு கான்சாஸ் சிட்டி ராயல்ஸுக்கு முன்னால் போய் பால்ட்டிமோரைச் சந்தித்திருப்போம். சமநிலையில் நின்றதால், நேருக்கு நேர் ஆட்டங்களில் நம்மைவிட ஒன்று அதிகம் ஜெயித்த ராயல்ஸுக்கு அந்த இடம் போனது.

எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. வெள்ளிக்கிழமையே வேலை முடிந்ததால், ஞாயிறு அன்று ஸ்கூபலை இறக்க வேண்டிய நிலைமை வரவில்லை. அவர் கடைசியாகப் போட்டது 24-ஆம் தேதி, டாம்பா பே ரேஸ் அணிக்கு எதிராக. ஆறு நாள் ஓய்வோடு நாளை வருகிறார். பால்ட்டிமோரா ஹியூஸ்டனா என்பதைவிட இது பெரிய விஷயம்.

சகுனம் பார்ப்பவர்கள் 2006-ஐ ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் கடைசி மூன்று ஆட்டமும் நம் சொந்த மைதானத்தில், 100 தோல்வி கண்ட ராயல்ஸிடம் போனது. டிவிஷன் பட்டமும் ட்வின்ஸ் கைக்குப் போனது. அதே அணிதான் வைல்ட் கார்டாக உள்ளே நுழைந்து யாங்கீஸை வீழ்த்தி, ஓக்லண்டை நான்குக்கு நான்கு தோற்கடித்து வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதிப் பட்டத் தொடருக்குப் போனது.

டொராண்டோ: தம்பி, 1987-ல் எங்கள் புளூ ஜேஸுக்கு நீங்கள் செய்ததை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த அணியோடு இதை ஒப்பிடலாமா?

வணக்கம் ஐயா. மறக்க முடியாதுதான். கடைசி வாரம் தொடங்கும்போது மூன்றரை ஆட்டம் முன்னால் இருந்தவர்கள், தொடர்ச்சியாக ஏழு தோல்வி. கடைசி மூன்றும் டெட்ராய்டில். இறுதி நாளில் லாரி ஹெர்ண்டன் அடித்த ஒற்றை ஹோம் ரன், ஃப்ராங்க் டனானா ஒன்பது இன்னிங்ஸும் போட்டு 1-0. உங்கள் பிட்சர் ஜிம்மி கீ அன்றைக்கு எவ்வளவு நன்றாகப் போட்டார் என்பதை யாரும் பேசுவதே இல்லை, பாவம்.

ஆனால் ஒப்பிட முடியாது ஐயா. 87 அணி மூத்தவர்களின் அணி, கடைசி வாய்ப்பு என்று ஆடியது. ஆகஸ்டில் பிட்சர் டாயில் ஆலெக்ஸாண்டரை வாங்கினார்கள், அவர் 9-0 என்று கலக்கினார், அதற்கு விலையாகக் கொடுத்த இளைஞன் ஜான் ஸ்மோல்ட்ஸ் அட்லாண்டாவில் ஆடி ஹால் ஆஃப் ஃபேம் வரை போனார். அந்த அணி எதிர்காலத்தைக் கொடுத்து ஒரு அக்டோபரை வாங்கியது. இந்த அணி அக்டோபரை விற்று எதிர்காலத்தை வாங்கப் போனது, அக்டோபரும் சேர்ந்து வந்துவிட்டது.

ஹியூஸ்டன்: ஏழு வருஷம் தொடர்ந்து லீக் இறுதித் தொடர் ஆடிய அணி எங்களுடையது. உங்கள் பையன்களுக்கு பிளேஆஃப் என்றால் என்ன என்றே தெரியாது. பயமாக இல்லையா?

மரியாதை நிறையவே இருக்கிறது. 2017 முதல் 2023 வரை ஒரு வருஷம்கூட விடாமல் அங்கே நின்றது சாதாரணம் இல்லை. இந்த வருஷமும் ஜூனில் சியாட்டிலுக்கு 10 ஆட்டம் பின்னால் இருந்துவிட்டு டிவிஷனை வென்றிருக்கிறீர்கள். ஆல்டூவே, டக்கர் இருவரும் எந்தப் பந்தையும் தண்டிப்பார்கள். யோர்டான் ஆல்வரெஸ் முழங்கால் எப்படி இருக்கிறது என்பது நாளை ஆட்டம் தொடங்கினால்தான் தெரியும்.

ஆனால் முதல் நாள் எதிரே நிற்பவர் தாரிக் ஸ்கூபல். 18 வெற்றி, ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்ட ரன் சராசரி 2.39, 228 ஸ்ட்ரைக் அவுட், மூன்றிலும் அமெரிக்கன் லீகில் முதலிடம். டைகர்ஸில் இதற்கு முன் இதைச் செய்தவர் 2011-ல் ஜஸ்டின் வெர்லாண்டர். 2018-ல் ஒன்பதாவது சுற்றில் எடுக்கப்பட்டு, 2022-ல் முழங்கைப் பக்கம் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்தவர் அவர். ஒரு ஸ்ட்ரைக் அவுட் எடுத்ததும் மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டே உறுமுவதைப் பாருங்கள், அனுபவம் இல்லாத பையன் மாதிரியா இருக்கிறது?

இன்னொன்று, ஹின்ச் உங்கள் ஊரை நன்றாக அறிந்தவர். 2017 பட்டம் அவர் மேனேஜராக இருந்தபோது வந்தது. எதிரணியின் சைகைகளைத் திருட்டுத்தனமாகப் படித்த விவகாரத்தில் ஒரு வருஷத் தடையும் பதவி இழப்பும் வந்ததும் அங்கேதான்.

ஃபார்மிங்டன் ஹில்ஸ்: நாளை ஹியூஸ்டனுக்குப் போடும் ஃப்ராம்பர் வால்டெஸ் இடக்கைக்காரர். கார்ப்பென்டரை உட்கார வைப்பாரா ஹின்ச்? எனக்கு அது பிடிக்கவில்லை.

உட்கார வைப்பார் என்றே நினைக்கிறேன். சீசன் முழுக்க அப்படித்தான் செய்திருக்கிறார். கார்ப்பென்டர் இடக்கை பேட்ஸ்மேன், வலக்கைப் பிட்சர்களைப் பிரித்து மேய்வார், இடக்கைக்கு எதிராக அந்த ஆள் இல்லை. ஆட்டத்தின் நடுவில் வலக்கை ரிலீவர் வரும்போது அவரை இறக்கினால்தான் பலன் அதிகம். ஆண்டி இபான்யெஸ் போன்றவர்கள் இடக்கைக்கு எதிராகவே அணியில் இருப்பவர்கள். ஹியூஸ்டனின் கடைசி இன்னிங்ஸ்காரர் ஜாஷ் ஹேடரும் இடக்கை என்பதால் இபான்யெஸை எந்த நேரத்தில் இறக்குகிறார் என்று கவனியுங்கள்.

எனக்கு உண்மையான கவலை நம் அடிதான். இந்த அணி பெரிய ரன் எடுக்கும் அணி இல்லை. ரைலி கிரீனை அடக்கிவிட்டால் இரண்டு மூன்று ரன்னோடு நிற்போம். வால்டெஸ் தரையோடு பந்தை அடிக்க வைப்பதில் கெட்டிக்காரர். இரண்டாவது ஆட்டத்துக்கு ஹன்டர் பிரவுன் வருவார் போலிருக்கிறது, அவர் நம்ம ஊர் வேயின் ஸ்டேட்டில் படித்தவர், சின்ன வயதில் டைகர்ஸ் ரசிகர். அது வேறு மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நோவை: இந்த ஓட்டத்தில் உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு தருணம்?

செப்டம்பர் 5, சான் டியேகோ. ஒன்பதாவது இன்னிங்ஸ், 0-3, இரண்டு அவுட். பேட்ரஸின் கடைசி இன்னிங்ஸ்காரர் ராபர்ட் சுவாரெஸ் பந்து போடுகிறார், மூன்று பேஸிலும் ஆள், மெடோஸுக்கு இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக், மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அடுத்த பந்து வேலிக்கு அந்தப் பக்கம், நான்கு ரன். 4-3. மே மாதம் அடிக்க வரவில்லை என்று டொலீடோவுக்கு அனுப்பப்பட்டவர் அவர். மைனர் லீகில் தன் அடியைச் சரிசெய்துகொண்டு வந்து அந்தப் பந்தை அடித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது அன்றைக்குத்தான், அதற்கு முன்புவரை ஆசை மட்டுமே இருந்தது.

ஸ்டெர்லிங் ஹைட்ஸ்: கூடுதல் இன்னிங்ஸில் இரண்டாவது பேஸில் ஆளை நிறுத்துவார்களே, பிளேஆஃபிலும் உண்டா?

கிடையாது. அது வழக்கமான சீசன் ஆட்டங்களுக்கு மட்டும். பத்தாவது இன்னிங்ஸும் காலி பேஸோடுதான் தொடங்கும்.

ட்ராய்: சரி, கணிப்பைச் சொல்லுங்கள். ஜெயித்தால் ஸ்கூபல் மறுபடி எப்போது?

மூன்று ஆட்டமும் நடக்கும், டெட்ராய்ட் 2-1. நாளைய ஆட்டம் தோற்றால் இந்தக் கணிப்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், ஸ்கூபல் ஆட்டத்தை விட்டால் மிச்ச இரண்டையும் ஹியூஸ்டனில் எடுப்பது மிகக் கடினம்.

ஜெயித்தால் அடுத்து கிளீவ்லாண்ட் கார்டியன்ஸ். முதல் ஆட்டம் அக்டோபர் 5, அதற்கு ஸ்கூபலுக்கு மூன்று நாள்தான் ஓய்வு, அவசரப்பட மாட்டார்கள். 7-ஆம் தேதி இரண்டாவது ஆட்டத்தில் வருவார். அங்கிருந்து எண்ணினால் ஐந்தாவது ஆட்டம் 12-ஆம் தேதி, வழக்கமான நான்கு நாள் ஓய்வோடு அதற்கும் அவர் தயார். நடுவே 9-ஆம் தேதி கொமெரிகா பார்க்கில் ஆட்டம். பத்து வருஷத்துக்குப் பிறகு அங்கே ஒரு அக்டோபர் ஆட்டம் என்பதால் டிக்கெட் விற்பனை தொடங்கியதும் போய்விடும், வேண்டுமென்பவர்கள் புதன் இரவு வரை காத்திருக்காமல் இப்போதே கணக்கு திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.